கண்ட்ரோல் எஸ்ஸும் இரட்டைக் கொம்பும்

2017 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஆலங்குடியில் ஓர் அக்காவைப் பார்க்கப் போனேன். சொந்தக்காரர் இல்லை. நான் அப்போது வேலை பார்த்த நிறுவனம் மகளிர் சேமிப்புக் குழுக்களின் வரவு செலவு எழுத ஒரு வலைச் செயலி செய்து கொடுத்திருந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அதை முதலில் பயன்படுத்திய சிலரில் அவரும் ஒருவர். அவரிடமிருந்து மூன்று முறை ஒரே புகார் வந்தது: "எழுதினது காணாமப் போகுது." மூன்று முறையும் அதை மூடியவன் நான்தான். 'பயனர் பிழை' என்று எழுதி மூடினேன். சென்னையில் என் கணினியில் எல்லாம் ஒழுங்காகச் சேமித்தது. வேறு என்ன எழுத?

போய் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர் கணினியின் முகப்பு முழுக்க எங்கள் பக்கத்தின் பிரதிகள். நாற்பதுக்கு மேல். ஒவ்வொன்றும் ஒரு எச்.டி.எம்.எல் கோப்பு. "கண்ட்ரோல் எஸ் போட்டா சேவ் ஆகும்னு நீங்கதானே தம்பி ட்ரெய்னிங்ல சொன்னீங்க. போட்டேன். சேவ் பண்ணவான்னு கேட்டுச்சு. எண்டர் தட்டினேன். இப்ப மேடம் நான் எழுதவே இல்லைங்குறாங்க" என்றார். கோப்பைத் திறந்தால் எங்கள் பக்கத்தின் வெறும் ஓடு மட்டும் இருந்தது. அவர் தட்டிய தொகைகள் எதுவும் உள்ளே இல்லை. மாதம் இருநூறு முந்நூறு என்று பெண்கள் கட்டிய காசு. நோட்டில் இருக்கிறது, கணினியில் இல்லை. நடுவில் இருந்த ஒரே ஆள் இவர். ஊருக்குள் அது எப்படிப் பேசப்பட்டிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

செயலியின் நிரலில் நான் எழுதியிருந்தது ஒரே வரி. கண்ட்ரோலோடு சேர்ந்து வரும் எழுத்து 'எஸ்' என்றால் உலாவியைத் தடுத்துவிட்டு எங்கள் சேமிப்பை ஓட்டு. அவ்வளவுதான். அக்காவின் கணினியில் என்ன எழுத்து வருகிறது என்று திரையில் அச்சிட்டுப் பார்த்தேன். 'எஸ்' வரவில்லை. புள்ளிகளால் ஆன ஒரு வட்டம், அதன் முன்னால் இரட்டைக் கொம்பு. மெய்யே இல்லாமல் தனியாக நிற்கும் 'ே'.

உறுப்பினர் பெயர்களைத் தமிழில் எழுத வேண்டும் என்பதால் அவர் தமிழ் விசைப்பலகையைப் போட்டிருந்தார். விண்டோஸோடு வந்த தமிழ், அதாவது இன்ஸ்கிரிப்ட். அந்தப் பலகையில் எஸ் இருக்கும் இடத்தில் இருப்பது ஏகாரக் கொம்பு. என் நிரல் கொம்பைப் பார்த்தது, "இது எஸ் இல்லை, நமக்கு வேலையில்லை" என்று ஒதுங்கிவிட்டது. உலாவி முந்திக்கொண்டு தன் பழைய வேலையைச் செய்தது: பக்கத்தைக் கோப்பாக இறக்கட்டுமா என்று கேட்டது. ஆங்கிலப் பலகையில் இருந்தபோது தட்டியவை மட்டும் சேமிப்பில் ஏறியிருந்தன. அதனால்தான் சில நாள் கணக்கு இருந்தது, சில நாள் இல்லை. அதனால்தான் சந்தேகமும் வந்தது.

அன்று சாயங்காலம் பேருந்தில் புதுக்கோட்டை திரும்பும்போது, அந்தக் கொம்பு எப்படி அந்த விசைக்கு வந்து சேர்ந்தது என்று யோசிக்கத் தொடங்கினேன். இந்தக் கட்டுரை அங்கிருந்துதான் வருகிறது.

*

அக்கா தட்டச்சு படித்தவர். தமிழ் முதுநிலை, ஆங்கிலம் இளநிலை. புதுக்கோட்டைப் பக்கம் அரசு வேலை என்று ஆசைப்பட்ட வீடுகளில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த கையோடு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிடுவது வழக்கம். குரூப் ஃபோர் எழுதினால் தட்டச்சர் பதவிக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். நானும் ஒரு கோடையில் போயிருக்கிறேன். காலை ஏழு மணி பேட்ச். ஒரே அறையில் பதினைந்து எந்திரங்கள் ஒன்றாக ஓடும்போது, கூரை ஓட்டில் ஆலங்கட்டி மழை விழுகிற மாதிரி இருக்கும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45. தேர்வு மையத்துக்கு எந்திரத்தையும் நாமே கொண்டுபோக வேண்டும். வேனில் ஏற்றி, இறக்கி, மேசை மேல் வைத்து, தட்டிப் பார்த்து. பரீட்சைக்குப் பேனா கொண்டுபோவதுபோல ரெமிங்டன் கொண்டுபோவோம்.

முதல் வாரம் முழுக்க ஒரே வரி: ய ள ன க. இடது கைக்கு அவ்வளவுதான். வலது கைக்கு புள்ளி, ட, ம, த. யோசித்துப் பார்த்தால் இது ஒரு வினோதமான அகரவரிசை. பள்ளியில் படித்த எந்த ஒழுங்கும் இதில் இல்லை. ஆனால் விரலுக்கு ஒழுங்கு வேறு.

இந்த ஒழுங்கின் தொடக்கத்தில் நிற்பவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போனவர். அவர் முன்னால் இருந்த சிக்கல் எளிமையாகச் சொல்லக்கூடியது: தமிழில் 247 எழுத்து, ஆங்கிலத் தட்டச்சுப் பொறியிலோ ஐம்பதுக்கும் குறைவான விசைகள். அவர் கண்ட வழிகளில் முக்கியமானது நகரா விசை. புள்ளியையோ இகரச் சுழியையோ தட்டினால் தாள் நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அதே இடத்தில் விழும். அதாவது 'ம்' அடிக்க முதலில் புள்ளி, பிறகு ம. எழுதும்போது மெய்யை எழுதிவிட்டு மேலே புள்ளி வைப்போம். தட்டும்போது புள்ளி முன்னால் வந்து காத்திருக்கும். ஜெர்மனியில் திரெஸ்டன் நகரத்து சைடல் அண்ட் நௌமன் நிறுவனம் அந்த எந்திரங்களைச் செய்து கொடுத்தது. ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் வந்த பிறகு அரசு அலுவலகங்களுக்குத் தமிழ் தட்டச்சர்கள் தேவைப்பட்டார்கள். சின்ன ஊர்களுக்கெல்லாம் இன்ஸ்டிடியூட் வந்தது அந்த வழியில்தான்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தட்டச்சுப் பொறியில் 'கட்டளை' என்று தனியாக எதுவும் கிடையாது. எந்த விசையைத் தட்டினாலும் தாளில் ஏதோ விழும், இல்லாவிட்டால் வண்டி நகரும். எழுதுவதும் ஏவுவதும் ஒன்றுதான். 'எழுத்து' வேறு, 'ஏவல்' வேறு என்ற பிரிவு கணினியோடு வந்தது. கண்ட்ரோல் என்ற விசையைப் பிடித்துக்கொண்டு தட்டினால் அது எழுத்தல்ல, ஏவல். 1970களின் நடுவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் வெட்டுவது, ஒட்டுவது என்ற முறையைத் தங்கள் எழுதுகருவிக்குள் கொண்டுவந்தார்கள். பிறகு ஆப்பிள் கணினிகள் வழியாக அது இசட், எக்ஸ், சி, வி என்று ஆங்கிலப் பலகையின் கீழ்வரிசையில் அடுத்தடுத்து உட்கார்ந்தது. தமிழ்99 பலகையில் அதே நான்கு விசைகள் ஔ, ஓ, ஒ, வ. யாராவது மனப்பாடம் செய்ய ஆசைப்பட்டால் ஒரு குழந்தையின் அழுகை மாதிரி வைத்துக்கொள்ளலாம்.

*

கணினிக்குள் தமிழ் வந்த கதையை முழுதாகச் சொல்ல இங்கே இடமில்லை. விரலின் பக்கமிருந்து மட்டும் சொல்கிறேன்.

தட்டச்சு படித்தவர்களை இழக்கக்கூடாது என்று முதல் எழுத்துருக்கள் பல அதே பலகையைப் பின்பற்றின. ஈழத்தமிழர்களிடையே பரவிய பாமினி அப்படிப்பட்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தெரியும். 2000களின் தொடக்கத்தில் இணையத்தில் திரிந்தவர்களுக்கு அந்த ஐந்து குறிகளைப் பார்த்தாலே 'தமிழ்' என்று படிக்கத் தெரியும். கண் அப்படிப் பழகியிருந்தது. எங்கள் ஊர் டி.டி.பி. கடைகளில் வானவில் எழுத்துரு ஓடியது. அதிலும் டைப்ரைட்டர் பலகைக்காரர்களுக்குத்தான் ராஜ்யம்.

இன்னொரு பக்கம் டெல்லியிலிருந்து 1986-இல் இன்ஸ்கிரிப்ட் வந்தது. இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே பலகை. இந்தியில் 'க' எங்கேயோ தமிழிலும் அங்கேயே 'க'. காகிதத்தில் அழகான யோசனை. மகாப்பிராணம் என்ற சங்கதியே இல்லாத தமிழுக்கு அந்தப் பலகையில் பாதி விசைகள் சும்மா கிடந்தன என்பது வேறு விஷயம். ஆனால் விண்டோஸ் தமிழுக்கு முதலில் சேர்த்த பலகை அதுதான். தமிழ்நாட்டில் எந்த வகுப்பறையிலும் சொல்லிக்கொடுக்காத ஒன்று, எல்லாக் கணினியிலும் இலவசமாகக் கிடைத்தது.

மூன்றாவது, தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி உருவாகி, அரசாணையும் பெற்றது. உயிரெல்லாம் இடது கை, மெய்யில் பெரும்பாலானவை வலது கை. 31 விசை போதும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். 'அம்மா' என்பதற்கு நான்கே தட்டு: அ, ம, ம, ஆ. என் கருத்தில் தமிழுக்கு வந்த பலகைகளில் இதுதான் மொழியின் இலக்கணத்தைப் புரிந்துகொண்டது. அதே நேரத்தில், அரசாணை ஒரு பலகையைத் தரம் என்று சொல்ல, அரசுத் தேர்வு இன்னொரு பலகையில் தொடர்ந்து நடந்தது. படித்து முடித்துச் சான்றிதழ் வாங்கிய பெண் அலுவலகத்துக்குள் நுழையும்போது, அவள் விரலில் இருப்பது பழைய தரம்.

ஒரே 'க'வைப் பாருங்கள். தட்டச்சுப் பலகையில் எஃப். தமிழ்99-இல் ஹெச். இன்ஸ்கிரிப்ட்டில் கே. ஆலங்குடி அக்கா எஃப்பில் படித்து, டி.டி.பி. கடையில் எஃப்பிலேயே வேலை பார்த்து, இந்தச் சேமிப்புக் கணக்குக்கு வந்தபோது கே-க்கு மாறியிருந்தார். "இந்த கம்ப்யூட்டர்ல வேற தமிழ் இல்ல தம்பி. புதுசா எதையும் ஏத்தக் கூடாதுன்னுட்டாங்க. ரெண்டு மாசம் ராத்திரி உக்காந்து பழகுனேன்" என்றார். பழகிய பிறகும் சுட்டெலியைத் தொட மாட்டார். தட்டச்சுக்காரர்களுக்குக் கையைப் பலகையிலிருந்து எடுப்பதே ஒரு தோல்வி. அதனால்தான் சேமி என்ற பொத்தான் திரையிலேயே பளிச்சென்று இருந்தும் அவர் கண்ட்ரோல் எஸ்ஸை நம்பினார். அப்படி நம்பும்படி பயிற்சிக் குறிப்பில் எழுதியது நாங்கள்.

*

வலைப்பக்கத்துக்குள் தமிழ் தட்ட வேண்டும் என்றபோது பலகையை மாற்றுவதற்கே ஒரு குறுக்கு விசை தேவைப்பட்டது. அது ஒரு தனி வரலாறு. புதுக்கோட்டையில் 2015 அக்டோபர் 11 அன்று வலைப்பதிவர் திருவிழா நடந்தது நினைவிருக்கலாம். கணினித் தமிழ்ச் சங்கம் என்ற பெயரில் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்து, பதிவு எழுத ஊர்க்காரர்களைப் பழக்கிய காலம் அது. அந்தத் தலைமுறைப் பதிவர்களில் யாரைக் கேட்டாலும் 'ஆல்ட் 2' என்பார்கள். என்.எச்.எம். ரைட்டர் என்ற சிறு மென்பொருளில் ஆல்ட்டோடு ஒன்றைத் தட்டினால் தமிழ்99, இரண்டைத் தட்டினால் ஆங்கில ஒலிப்பு வழித் தமிழ், பூஜ்யம் தட்டினால் மறுபடி ஆங்கிலம். கூகுளின் எழுத்துப்பெயர்ப்புப் பக்கத்தில் கண்ட்ரோல் ஜி. விக்கிப்பீடியாவில் கண்ட்ரோல் எம்.

இவை ஒவ்வொன்றும் வேறு யாருக்கோ சொந்தமான இடத்தில் குடியேறியவை. கண்ட்ரோல் ஜி பல உலாவிகளில் 'அடுத்ததைத் தேடு'. கண்ட்ரோல் எம் ஃபயர்ஃபாக்ஸில் ஒரு தாவலின் சத்தத்தை அணைக்கும். ஆல்ட்டோடு எண்களையும் எழுத்துகளையும் 1997-இல் வந்த எச்.டி.எம்.எல் 4 'அக்சஸ்கீ' என்ற பெயரில் வலைத்தளங்களுக்குக் கொடுத்தது. மோதல் தாங்காமல் ஃபயர்ஃபாக்ஸ் 2006-இல் அதை ஆல்ட்-ஷிஃப்ட்டுக்குத் தள்ளிவைத்தது. விசைகள் நூறு, கேட்பவர்கள் மூன்று அடுக்கு: இயங்குதளம், உலாவி, பக்கம். ஒரு தட்டு கீழிருந்து மேலே வரும் வழியில் யார் வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளலாம். குரோமில் கண்ட்ரோல் டபிள்யூ, டி, என் ஆகியவற்றைச் சாதாரணப் பக்கத்துக்குத் தருவதே இல்லை. சரிதான். இல்லாவிட்டால் மூட முடியாத பக்கங்கள் வந்துவிடும்.

கண்ட்ரோல்கூட இல்லாத ஒற்றை எழுத்து ஏவல்கள் இன்னும் சுவாரசியம். ஜிமெயிலில் ஜே தட்டினால் அடுத்த மடல், கே தட்டினால் முந்தைய மடல். இது பில் ஜாய் 1976 வாக்கில் எழுதிய வி.ஐ. என்ற எழுதுகருவியிலிருந்து வந்த பழக்கம். அவர் பயன்படுத்திய ஏ.டி.எம்.-3ஏ முனையத்தில் ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறி அச்சடித்திருந்தது. ஒரு எந்திரத்தின் மேல் இருந்த படம் நாற்பது ஆண்டு கழித்து மடல்பெட்டியில் பழக்கமாக நிற்கிறது. தமிழ்99-ஐப் போட்டுக்கொண்டு மடல்பெட்டியில் ஜே-யைத் தட்டினால் பக்கத்துக்குப் போவது 'ப'. பாவம், அதற்கு என்ன தெரியும். 2018-இல் வெளியான வலை அணுகல் நெறிமுறையின் 2.1 பதிப்பு ஒற்றை எழுத்து ஏவல்களை அணைக்கவோ மாற்றவோ வழி இருக்க வேண்டும் என்கிறது. குரலால் கணினியை இயக்குபவர்களை நினைத்து எழுதிய விதி அது. நம்மையும் கொஞ்சம் காப்பாற்றுகிறது.

*

இனி நிரல். நிரல் எழுதாதவர்களும் படிக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை.

ஒரு விசையைத் தட்டும்போது உலாவி பக்கத்துக்கு ஒரு சீட்டு அனுப்புகிறது. பழைய காலத்தில் அதில் 'கீகோட்' என்ற எண் இருந்தது. எஸ்ஸுக்கு 83. தமிழ்ப் பலகையில் இருந்தாலும் பெரும்பாலும் 83-தான். அதனால் பழைய நிரல்கள் தற்செயலாகத் தமிழர்களுக்கும் வேலை செய்தன. ஆனால் உலாவிக்கு உலாவி எண்கள் மாறின. எனவே புது முறை வந்தது. 2016 வாக்கில் குரோமிலும் அது முழுதாகக் கிடைத்தது. இப்போது சீட்டில் இரண்டு தகவல். 'கீ' என்பது என்ன எழுத்து பிறந்தது என்று சொல்லும். 'கோட்' என்பது எந்த இடத்து விசை என்று சொல்லும். அக்காவின் சீட்டில் கீ என்ற இடத்தில் இரட்டைக் கொம்பு, கோட் என்ற இடத்தில் 'கீஎஸ்'. நான் பழைய எண்ணை விட்டுவிட்டுப் புது முறைக்கு மாறினேன் என்று பெருமையாக எழுதிய வாரத்தில்தான் அவர் கணக்கு தொலைய ஆரம்பித்தது. தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

அப்படியானால் கோட்டை மட்டும் பார்த்தால் போதுமா? போதாது. பிரெஞ்சுப் பலகையில் ஏ இருப்பது நம் கியூ இருக்கும் இடத்தில். இடத்தை மட்டும் நம்பினால் பாரிஸில் ஒருவர் 'எல்லாவற்றையும் தேர்ந்தெடு' என்று கண்ட்ரோல் ஏ தட்டும்போது வேறு ஏதோ நடக்கும். ஆகவே இரண்டையும் பார்க்க வேண்டும். பிறந்த எழுத்து ரோமன் எழுத்தா? அப்படியானால் அதையே நம்பு. தமிழோ ரஷ்யனோ கிரேக்கமோ என்றால் இடத்தைப் பார். மொத்தம் ஆறு வரி. பேருந்து திருக்கோகர்ணம் தாண்டுவதற்குள் மனதில் எழுதிவிட்டேன் என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். உண்மையில் இரண்டு நாள் ஆனது.

அலுவலகத்தில் ஒருவர் கேட்டார்: "தமிழ்ப் பலகையில் இருக்கும்போது 'சேமி'க்கு ச-வைக் கொடுத்தால் என்ன?" நியாயமான கேள்வி. ஸ்பானிய வேர்டில் சேமிக்க கண்ட்ரோல் ஜி, ஏனென்றால் அவர்கள் சொல் 'குவார்தார்'. ஜெர்மன் வேர்டில் தடித்த எழுத்துக்கு அவர்கள் சொல்லான 'ஃபெட்'டிலிருந்து எஃப். தமிழில் அப்படி யாரும் கேட்டதாக எனக்குத் தெரிந்து இல்லை. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ச எங்கே? மூன்று பலகையில் மூன்று இடம். மனப்பாடத்துக்கு உதவ வேண்டிய எழுத்தே ஆளுக்கு ஆள் இடம் மாறினால், பயிற்சிக் குறிப்பில் என்ன எழுதுவது? நான் வேண்டாம் என்றேன். இப்போதும் அந்தப் பதிலில் எனக்கு முழு நிம்மதி இல்லை. எஸ் என்பது 'சேவ்' என்று தெரியாமலே, இடத்தால் மட்டும் அதை அறிந்த ஆயிரக்கணக்கான விரல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு அது எழுத்தே அல்ல, ஒரு திசை.

*

தொலைந்த கணக்கை நோட்டைப் பார்த்து அக்காவே மறுபடி ஏற்றினார். நான்கு நாள். நான் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் எழுதச் சொல்லி மேலாளரிடம் கேட்டேன்: பிழை மென்பொருளுடையது, எழுதியவருடையது அல்ல. அந்த ஒரு வரியை வாங்க மூன்று வாரம் ஆனது. 'மென்பொருள் மேம்படுத்தப்பட்டது' என்று எழுதலாமே என்றார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் வந்த கடிதத்தில் 'தொழில்நுட்பக் காரணம்' என்று இருந்தது. அக்கா அதை நகல் எடுத்துக் குழுத் தலைவிகள் எல்லோருக்கும் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மூடிய மூன்று புகார்களையும் திறந்து, 'பயனர் பிழை' என்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுதி மறுபடி மூடினேன்.

2019-இல் விண்டோஸ் 10-இன் ஒரு புதுப்பிப்பில் தமிழுக்கு ஒலிப்புவழிப் பலகை வந்தது. ஆங்கிலத்தில் 'அம்மா' என்று தட்டினால் கீழே பட்டியல் விரியும், பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். கொஞ்ச நாளில் அக்காவிடமிருந்து மறுபடி அழைப்பு. "தம்பி, இப்ப எண்டர் தட்டி வார்த்தைய எடுத்தா, பாதிப் பேரோட படிவமே போய்ச் சேர்ந்துருது." சொல்லைத் தேர்ந்தெடுக்கத் தட்டிய எண்டரை, என் நிரல் படிவத்தை அனுப்பும் எண்டர் என்று எடுத்துக்கொண்டிருந்தது. எழுத்து இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று உலாவி அதே சீட்டில் குறித்து அனுப்பும். அந்த நேரத்தில் பழைய எண் 229 என்று வரும். சீனமும் ஜப்பானியமும் தட்டுபவர்களுக்கு இது பல காலத்துக் கதை. அதைப் பார்க்காமல் விட்டது நான்.

"இந்தத் தடவை யாரும் என்னைய ஒண்ணும் சொல்லல" என்றார். "நானே சொல்லிட்டேன், சென்னைல அந்தத் தம்பி தப்பா எழுதியிருக்கும், கேட்டுச் சொல்றேன்னு."